மும்பை மேடையில் சண்டைக் காட்சி: முதல்முறை இறங்கும் பெண்களுக்கு

பெண்கள் போடும் மேடைச் சண்டை என்றால் எல்லோருக்கும் வேலு நாச்சியாரும் ஜான்சி ராணியும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் மும்பையின் தமிழ் நாடகக் குழுக்களில் உங்களுக்குக் கிடைக்கும் முதல் சண்டை பெரும்பாலும் அப்படி இருக்காது. கணவன் அறைவான், மைத்துனன் முடியைப் பிடித்து இழுப்பான், யாராவது கழுத்தை நெரிப்பார்கள். வாள் பிடிக்கும் நடிகைக்காவது ஒரு ஆசானை வரவழைப்பார்கள். அறை வாங்குபவளுக்கு அதுவும் கிடையாது. "கொஞ்சம் நிஜமாவே வாங்கிக்கோம்மா, அப்பதான் சீன் எடுபடும்" என்று எங்கள் இயக்குநர் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகுதான் நான் இதையெல்லாம் தேடிப் படிக்கவும், ஆள் பிடித்துக் கற்கவும், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கவும் ஆரம்பித்தேன். நீங்களும் அதே அலைச்சலைப் பட வேண்டாம்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. மேடைச் சண்டையின் கடிவாளம் அடி வாங்குபவர் கையில் இருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் முடி இழுப்பிலிருந்து காகித வேலை வரை எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

1. ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டியவை

ஸ்கிரிப்டை வாங்கியதும் உடம்பில் கை படும் ஒவ்வொரு இடத்தையும் தனித்தாளில் எழுதுங்கள். தள்ளுதல், கையை முறுக்குதல், கீழே விழுதல் எல்லாம் அதில் வர வேண்டும். "சண்டை போடுகிறார்கள்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அதுதான் பெரிய ஆபத்து. ஒத்திகையில் அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீளும்.

அப்புறம் இயக்குநரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சண்டையை அமைப்பது யார்? தினமும் அதைச் சரிபார்க்கும் பொறுப்பு யாருடையது? எந்த ஹாலில் போடப்போகிறோம்? மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஜுஹுவில் உள்ள பிருத்வி தியேட்டரில் பார்வையாளர்கள் மூன்று பக்கமும் உட்காருவார்கள். முன்பக்கம் மட்டும் பார்வையாளர் இருக்கும் மேடையில் கச்சிதமாகத் தெரியும் பொய் அறை, அங்கே பக்கவாட்டில் இருப்பவருக்கு அப்பட்டமாகக் காற்றில் அடித்ததாகத் தெரியும். ஹாலைக் கடைசி நேரத்தில் மாற்றினால் சண்டையையும் மாற்றி அமைக்க வேண்டியிருக்கும்.

2. யாரிடம் கற்பது, எவ்வளவு ஆகும்

தாராவி, செம்பூர் பக்கம் விசாரித்தால் சிலம்பம் சொல்லித்தரும் வாத்தியார்கள் கிடைப்பார்கள். களரி வகுப்புகளும் இருக்கின்றன. கோலாப்பூர் வழி வந்த மர்தானி கேள் என்ற ஆயுதக் கலையைக் கற்றுத்தரும் மராத்திக் குழுக்களில் பெண்கள் தாராளமாகச் சேர்கிறார்கள். தாதர் சிவாஜி பார்க்கில் உள்ள சமர்த் வியாயாம் மந்திரில் பெண்கள் தொங்கும் கயிற்றில் செய்யும் உடற்பயிற்சியான கயிறு மல்லகம்பம் செய்வதை ஒருமுறை போய்ப் பாருங்கள். உடம்பை எப்படித் தயார் செய்ய வேண்டும் என்பது பார்த்ததுமே புரிந்துவிடும்.

ஆனால் சிலம்பம் தெரிந்தவருக்கெல்லாம் மேடைச் சண்டை தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சிலம்பத்தில் எதிராளிக்குத் தெரியாமல் அடிக்கப் பழகுவோம். மேடையில் அடிக்கு முன்னால் கண்ணால் சொல்லிவிட்டு, அவர் தயாரான பிறகுதான் கம்பு நகர வேண்டும். நல்ல வாத்தியாருக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார். "எங்க முறையில அப்படியெல்லாம் கிடையாது" என்பவரிடம் கால்வைப்பையும் மூச்சையும் மட்டும் கற்றுக்கொண்டு, காட்சி அமைப்புக்கு வேறு ஆள் பாருங்கள்.

மேடைச் சண்டைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் மும்பையில் வார இறுதிப் பட்டறைகள் நடத்துகிறார்கள். சிலர் அமெரிக்க, பிரிட்டிஷ் அமைப்புகளின் சான்றிதழ் வைத்திருப்பார்கள். 1977-ல் தொடங்கிய அமெரிக்கச் சண்டை இயக்குநர்கள் சங்கத்தில் ஆயுதத்துக்கு ஆயுதம் தனித் தேர்வு உண்டு. வெறுங்கைக்கும் தனியாகச் செய்து காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். இங்கே நடிப்பதற்கு உங்களுக்கு அது தேவையில்லை. சொல்லித்தருபவர் அதைக் காட்டினால் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் விசாரித்த அளவில் சிலம்ப வகுப்புக்கு மாதம் ₹800 முதல் ₹1,500 வரை கேட்கிறார்கள். வார இறுதிப் பட்டறைக்கு ₹3,000 முதல் ₹7,000. ஒரு நாடகத்துக்கு மொத்தமாகச் சண்டை அமைத்துத் தர ₹15,000-க்கு மேல்தான் பேச்சே தொடங்கும். வெர்சோவா ஆராம் நகரில் ஒத்திகை அறை மணிக்கணக்கில் கிடைக்கும். மாட்டுங்கா, சயான் பக்கம் சங்கங்களின் அறைகள் அதைவிட மலிவு. ஆனால் தரை மொசைக்காக இருக்கும். பாய் விரிக்காமல் அங்கே விழுந்து பழகாதீர்கள்.

3. காகித வேலை: உங்கள் உடம்புக்கு

நம் குழுக்களில் நட்பின் பேரில்தான் எல்லாம் நடக்கிறது. அதனாலேயே எழுதி வாங்கக் கூச்சப்படுகிறோம். ஒரு பக்கக் கடிதம் போதும். முதல் படியில் நீங்கள் எழுதிய பட்டியலை அதில் சேர்த்து, ஒத்திகைக்குப் பிறகு புதிதாக எந்தத் தொடுகையும் உங்கள் சம்மதமில்லாமல் சேர்க்கப்படாது, காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்ற இரண்டையும் எழுதி, இயக்குநர் கையெழுத்தை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி "ஓகே" வாங்கினால்கூட ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

காப்பீடு. வங்கிக் கணக்கு இருந்தால் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு ₹20 கட்டிச் சேரலாம். 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். விபத்தில் உயிரிழந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ ₹2 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு ₹1 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரைதான் கணக்கு. ஆனால் மேடையில் நிஜமாக நடப்பது மணிக்கட்டு முறிவும் உதட்டுத் தையலும்தான். அந்த ஆஸ்பத்திரிச் செலவை இந்தத் திட்டம் தராது. அதற்குக் குழுவின் பேரில் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுக்கச் சொல்லுங்கள், மருத்துவச் செலவையும் சேர்த்து. பாலிசியில் சாகசச் செயல்களுக்கு விலக்கு இருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். போனில் எல்லாவற்றுக்கும் "கவராகும் மேடம்" என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்று. ஒத்திகையில் சண்டை என்ற பெயரில் யாராவது வரம்பு மீறினால் 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் உங்களுக்கும் உண்டு. சம்பளம் வாங்காமல் தன்னார்வமாக வேலை செய்பவர்களையும் அந்தச் சட்டம் பணியாளராகவே கொள்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அமைப்பில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சிறிய குழு என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

4. காகித வேலை: நாடகத்துக்கு

மற்ற ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். மகாராஷ்டிராவில் பொதுமக்கள் முன் நாடகம் போட, ஸ்கிரிப்டை மாநில நாடகப் பரிசீலனை வாரியத்திடம் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். நாடகக்காரர்கள் வாயில் இது வெறும் சென்ஸார். இது தயாரிப்பாளரின் வேலைதான், ஆனாலும் சான்றிதழ் வந்துவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது வராததால் அரங்கேற்றம் தள்ளிப்போனால் உங்கள் ஒத்திகையும் லீவும்தான் வீண்.

ஸ்கிரிப்டின் சுத்தமான பிரதி, ஆசிரியரின் எழுத்துப்பூர்வ சம்மதம், விண்ணப்பம், கட்டணம் எல்லாம் தயாராக இருக்கட்டும். தமிழ் ஸ்கிரிப்டுடன் என்ன சேர்த்துத் தர வேண்டும், எத்தனை பிரதி என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு வையுங்கள். அரங்கேற்றத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். கணபதி விடுமுறையும் தீபாவளியும் நடுவில் வந்தால் இன்னும் முன்னால். சண்டைப் பகுதியை ஸ்கிரிப்டில் தெளிவாக எழுதிக் கொடுப்பது நல்லது.

5. கம்பும் கத்தியும்: வாங்குவது, தூக்கிக்கொண்டு போவது

சோர் பஜாரிலும் பழம்பொருள் கடைகளிலும் அழகான வாள்கள் தொங்கும். வாங்காதீர்கள். அவை சுவரில் மாட்டுவதற்குச் செய்தவை. பிடிக்குள் போகும் இரும்பு மெல்லிசாக இருக்கும். இரண்டு மோதலில் தகடு பிடியை விட்டுக் கழன்று பறக்கும், பெரும்பாலும் முதல் வரிசையை நோக்கி. நாடக உடைகளை வாடகைக்குத் தரும் டிரெஸ்வாலா கடைகளில் கிடைக்கும் தகர வாள்கள் ஊர்வலத்துக்குச் சரி. ஒன்றோடொன்று மோத உதவாது. மோதுவதற்கு, பிடியின் கடைசி வரை ஒரே இரும்பாகப் போகும், விளிம்பு மழுங்கடித்த வாள்தான் வேண்டும். அலுமினியம் என்றால் எடை குறைவு. ஆனால் மோதிய இடமெல்லாம் சின்னச் சின்னப் பிசிர் எழும்பி ரம்பம் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் அரத்தால் தேய்த்து, பஞ்சை ஓட்டிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் கையும் சிக்கும். உறையும் இடுப்புப் பட்டையும் தைக்க தாராவியின் தோல் கடைகளுக்குப் போங்கள். தமிழிலேயே பேரம் பேசலாம்.

சிலம்பத்துக்கு மூங்கிலைவிடப் பிரம்பு மேல். மூங்கில் பிளந்தால் சிராம்பு கண்ணுக்கே வரும். பிரம்பு நார் நாராகத் தேயும், அவ்வளவுதான். முனைகளில் துணி டேப் சுற்றுங்கள். மழைக்காலத்தில் கம்பு ஈரம் இழுத்துக் கனமாகும். அதற்கேற்ப வேகத்தைக் குறையுங்கள்.

இனி, பலரும் அறியாத பொறி. மகாராஷ்டிர போலீஸ் சட்டத்தின் 37-வது பிரிவின்கீழ் மும்பை போலீஸ் கமிஷனர் அவ்வப்போது தடை உத்தரவு போடுவார். அந்தப் பிரிவில் வாள், ஈட்டி, கத்தியோடு தடியும் லாட்டியும்கூட இருக்கின்றன. அதாவது உங்கள் சிலம்பக் கம்பும் அதில் வரலாம். ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரான ஆயுதங்களுக்குத் தனி வகையே இருக்கிறது. உங்கள் வாள் மழுங்கியது என்பது உங்களுக்குத் தெரியும். நாகாபந்தியில், அதாவது போலீஸின் சாலைச் சோதனையில், நிற்கும் ஹவல்தாருக்கு அது வாள், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. குழுவின் லெட்டர்ஹெட்டில், முடிந்தால் மராத்தியில், என்னென்ன பொருள், எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி என்று எழுதிய கடிதம். அதோடு ஹால் புக்கிங் ரசீது, சென்ஸார் சான்றிதழ் நகல், பொருள்களின் போட்டோ. ஹால் இருக்கும் பகுதியின் போலீஸ் ஸ்டேஷனில் இதையெல்லாம் முன்கூட்டியே கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். எல்லாவற்றையும் மூடிய பையில் வைத்து டெம்போவிலோ டாக்சியிலோ அனுப்புங்கள். லோக்கல் ரயிலில் வாள் வேண்டவே வேண்டாம். மெட்ரோவில் ஸ்கேனரே விடாது. மாலை ஆறு மணிக்கு தாதரில் லேடீஸ் பெட்டிக்குள் ஐந்தரை அடிக் கம்போடு ஏறினால் போலீஸ் தேவையே இல்லை, கூட வரும் பெண்களே போதும்.

துப்பாக்கி வேண்டும் என்று இயக்குநர் அடம்பிடித்தால் பிளாஸ்டிக் பொம்மையும் ஸ்பீக்கரில் சத்தமும் போதும் என்று சொல்லுங்கள்.

6. சேலை, முடி, வளையல்

கண்ணாடி வளையலை ஒத்திகையின் முதல் நாளே கழற்றுங்கள். பாத்திரத்துக்கு வளையல் அவசியம் என்றால் நூல் சுற்றிய பிளாஸ்டிக் வளையல். மெட்டி, மூக்குத்தி, தொங்கட்டான் எல்லாம் கழல வேண்டும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் இருப்பார்கள், வற்புறுத்தத் தேவையில்லை. மருத்துவ டேப்பால் மார்போடு தட்டையாக ஒட்டிவிடுங்கள். ஊக்கு குத்தி வைக்காதீர்கள். சேலையிலும் ஊக்குக்குப் பதில் தையல் போடச் சொல்லுங்கள். விழும்போது திறந்துகொள்ளும் ஊக்கு எந்த வாளையும்விட மோசம்.

சண்டைக்கு ஆறு கஜச் சேலை கஷ்டம். கொசுவத்தில் கால் மாட்டும். தாதர் மார்க்கெட்டில் தைத்த நவ்வாரி, அதாவது மராத்தி ஒன்பது கஜச் சேலை, கிடைக்கிறது. மடிசார் போலப் பின்கொசுவம் வைத்தது, பேண்ட் மாதிரி மாட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் மாற்றிக் கட்டினால் தமிழ்ப் பாத்திரத்துக்கும் சரியாக வரும். உள்ளே முட்டிக்கவசம், ஸ்போர்ட்ஸ் பிரா. வாள்சண்டை விளையாட்டில் பெண்கள் அணியும் மார்புக்கவசத்தையும் அணியலாம். ஆனால் அது இருக்கிறதே என்று குத்தை நெஞ்சுக்கு நேராக விடக்கூடாது. குத்து எப்போதும் உடம்புக்கு வெளியே, இடுப்பை ஒட்டிப் போக வேண்டும்.

சவுரி வைத்தால் சண்டைக்கு முன்னால் கையால் இழுத்துச் சோதியுங்கள். சோகக் காட்சியில் சவுரி தனியாகக் கையோடு வந்துவிட்டால் சிரிப்பு அடங்க நேரமாகும்.

7. ஒத்திகை

ஒரு நிமிடச் சண்டைக்குப் பத்து மணி நேர ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நடக்கும் வேகம், அப்புறம் பாதி, கடைசியில் முக்கால். முழு வேகம் மேடையில்கூட வேண்டாம். முழு வேகத்தில் பார்வையாளருக்கு என்ன நடந்தது என்றே புரியாது.

முடி இழுப்பை எடுத்துக்கொள்வோம். அடிப்பவர் முடியைப் பிடிக்கவே மாட்டார். மூடிய கைமுட்டியை உங்கள் உச்சந்தலையில் வைப்பார். நீங்கள் இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்து, முட்டியை உங்கள் தலையோடு அழுத்திக்கொள்வீர்கள். பார்ப்பவருக்கு நீங்கள் விடுவிக்கப் போராடுவது போலத் தெரியும். இனி எந்தப் பக்கம் போவது, எப்போது மண்டியிடுவது என்பதெல்லாம் உங்கள் முடிவு. அவர் கை பின்னாலேயே வரும். நீங்கள் கையை விட்டால் இழுப்பு முடிந்தது. தலையில் கொண்டை ஊசி, பூ குத்திய ஹேர்பின் இருக்கக் கூடாது. அவர் முட்டியில் குத்தும், அவர் சட்டென்று கையை இழுப்பார், அப்போதுதான் நிஜமாக முடி மாட்டும்.

அறை. உள்ளங்கை கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போக வேண்டும். பார்வையாளர் பக்கமிருந்து பார்த்தால் கையும் முகமும் ஒரே கோட்டில் தெரியும்படி நிற்க வேண்டும். சத்தத்தை எழுப்புவது பெரும்பாலும் நீங்கள்தான்: நெஞ்சுக்குக் கீழே ஒரு கைதட்டல், அதே கை நேராகக் கன்னத்துக்குப் போய்ப் பொத்திக்கொள்ளும். நிஜமாக அடிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். குறி அரை அங்குலம் தவறிக் காதில் பட்டால் செவிப்பறை கிழியலாம். பிருத்வி போன்ற மூன்று பக்க மேடையில் கைதட்டல் யாராவது ஒருவர் கண்ணில் படும். அங்கே அறையை விட்டுவிட்டுத் தோளைப் பிடித்துத் தள்ளுவதாக மாற்றுவதே நல்லது.

கழுத்து நெரிப்பில் விரல்கள் தொண்டையைத் தொடவே கூடாது. உள்ளங்கைகள் காறை எலும்பின்மேல் படுத்திருக்கும். நீங்கள் அவர் கைகளை உங்கள் பக்கமாக இழுத்துப் பிடிக்க, அவர் வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். இரண்டு பேர் கையும் நடுங்கும், தொண்டையில் ஒரு துளி அழுத்தம் இருக்காது. மூச்சை மட்டும் அடக்காதீர்கள்.

விழுவது முழங்காலிலோ முழங்கையிலோ வால் எலும்பிலோ இருக்கக் கூடாது. கெண்டைக்கால், தொடையின் வெளிப்பக்கம், இடுப்பின் சதை என்று சதையுள்ள இடங்கள் வரிசையாகத் தரையைத் தொட வேண்டும்.

நிறுத்தச் சொல்வதற்கு ஒரு சொல் வேண்டும். "நிறுத்து", "விடு" இரண்டும் வசனத்திலேயே வரும், உதவாது. உங்கள் பாத்திரத்தின் வாயில் வராத சொல்லைப் பேசி வையுங்கள். அதைச் சொன்னால் எல்லோரும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், இயக்குநர் உட்பட. யாரும் காரணம் கேட்கக் கூடாது.

8. காட்சி நாள்

ஹால்களை ஷிஃப்ட் கணக்கில்தான் தருவார்கள். முந்தைய நாடகம் இறங்கி, உங்கள் செட் ஏறி, லைட் போட்டு முடிப்பதற்குள் பார்வையாளர்கள் வெளியே நிற்பார்கள். அதனால் சண்டையைச் சரிபார்க்கும் அரை மணி நேரத்தை அட்டவணையில் எழுதி வாங்குங்கள். முழு உடையில், முழு வெளிச்சத்தில், ஒருமுறை பாதி வேகத்தில், ஒருமுறை காட்சி வேகத்தில். ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் இதைச் செய்ய வேண்டும், ஐம்பதாவது காட்சியாக இருந்தாலும். இதைக் கவனிக்கச் சண்டையில் இல்லாத ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒத்திகையில் இல்லாத ஒரு அசைவைக்கூட மேடையில் சேர்க்கவிடக் கூடாது. கைதட்டல் கிடைத்ததும் சிலருக்குக் கை நீளும்.

பூஜை போட்டுத் தேங்காய் உடைப்பதை மேடை நடுவில் செய்யாமல் ஓரத்தில் செய்யச் சொல்லுங்கள். இளநீரும் குங்குமமும் கலந்த மரத்தரையில் வெறுங்கால் எப்படி வழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரைப் பாகில் செய்த ரத்தமும் அப்படித்தான், முதலில் வழுக்கும், காய்ந்தால் ஒட்டும். காட்சிக்குக் காட்சி ஈரத்துணியோடு ஒருவர் நிற்க வேண்டும்.

ஐஸ் பேக், கிரேப் பேண்டேஜ், கத்தரிக்கோல் அடங்கிய பையை மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் வையுங்கள். கிரீன் ரூமில் பூட்டி வைத்தால் பயனில்லை. ஆம்புலன்ஸ் எண் 108. சயான், மாட்டுங்கா பக்கம் ஹால் என்றால் சயான் ஆஸ்பத்திரி பக்கம். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கினால் அந்தப் பக்கமும் தூரமாகிவிடும். மாற்று வழியை டெம்போ டிரைவரிடமே கேட்டு வையுங்கள். காயம் சின்னதாக இருந்தாலும் அன்றைய தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிவிடுங்கள். காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.